நொடிக்கு இரண்டு மீட்டர்

காற்று நொடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டினால்
பந்தை உருட்டக் கூடாது.
கையேட்டில் இந்த வரியை எழுதியவர்
ஃபரோ தீவுகளுக்கு வந்திருக்கவே மாட்டார்.

காலை ஏழு மணிக்குக் காற்றுமானி பதினொன்று காட்டியது.
ரன்வா எட்டிப் பார்த்துவிட்டு
"இன்றைக்குப் பரவாயில்லை" என்றாள்.
மீன் ஆலையில் இரவு வேலை முடித்து
அதே ரப்பர் காலணியோடு வந்திருந்தாள்,
மைதானத்துச் சாவி கழுத்துக் கயிற்றில்.

ஒரு பக்கம் கடல். மறுபக்கம் மலை.
நடுவில் தரை என்று சொல்லிக்கொள்ள
இது ஒன்றுதான்.
மலையில் நிஜப் புல், அதில் ஆடுகள்.
ஒருமுறை ஒன்று வேலி தாண்டி வந்து
ஒரு வாய் கடித்துத் துப்பிவிட்டதாம்.
"உனக்கு முன்னால் வந்த பரிசோதகர் அதுதான்."

காற்றைச் சட்டை செய்யாத வேலைகளை முதலில் எடுத்தேன்.
இருபது கிலோ எடையை
ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை விழவிட வேண்டும்.
முதல் விழுதலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.
ஏன் என்று கேட்டாள்.
தரை அப்போது தயாராகியிருக்காது என்றேன்.
"அப்படியானால் என் முதல் கல்யாணத்தையும் தள்ளிவிடு."

குமிழ்கள் பதித்த தட்டின் மேல்
நாற்பத்தாறு கிலோ ஏற்றிப் புல்லில் வைத்துத் திருகினேன்.
ஓடுகிறவன் சட்டெனத் திரும்பும்போது
புல் விட வேண்டிய நேரத்தில் விட வேண்டும்.
பிடித்துக்கொண்டே இருந்தால் தசைநார் அறும்,
முன்னதாகவே விட்டால் ஆள் விழுவான்.
முப்பத்தெட்டு. முப்பத்தாறு. முப்பத்தொன்பது.
என் இடது முழங்காலில் ஒரு நீளத் தழும்பு.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

வடக்குக் கோல் வாயில்
ஐம்பத்து மூன்று.
குறைந்தது ஐம்பத்தைந்து வேண்டும்.
சொல்லவில்லை நான்; என் பேனா நின்றதிலேயே
அவள் புரிந்துகொண்டாள்.
"ஹொக்னி நிற்கிற இடம்.
பள்ளிக்கூட பஸ்ஸை நிறுத்திவிட்டு
தினமும் தனியாக வந்து குதிப்பான், எட்டு வருஷமாக."
சான்றிதழ் இல்லாவிட்டால்
சொந்த ஊர் ஆட்டங்களைப் பக்கத்துத் தீவில் ஆட வேண்டும்,
படகுக் கட்டணம் கொடுத்து, விருந்தாளிகளாக.
அதை அவள் சொல்லவில்லை.
நானும் எண்ணை ஒன்றும் செய்யவில்லை.

போனவள் ஒரு மீன் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள்.
விளிம்பு வரை கறுப்பு ரப்பர் துகள்.
உடைமாற்றும் அறையில், வாசல் மிதியடியில்,
ஊர்ப் பையன்களின் காலுறைகளில்,
அவர்களுடைய அம்மாக்களின் துணி துவைக்கும் இயந்திரங்களில்
எட்டு வருஷம் பெருக்கியது, உதறியது, வாங்கி வைத்தது.
கொட்டினாள். வாரினாள். பிரஷ் போட்டாள்.
தோளில் மழை இறங்கியதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சாயங்காலம் மறுபடி அளந்தேன்.
ஐம்பத்தொன்று. சேர்ப்பதில்லை.
ஐம்பத்து நான்கு.
ஐம்பத்தாறு.
சராசரியை இரண்டு தடவை போட்டேன்,
சின்னக் கணக்குத்தான், இருந்தாலும்.

பிறகு காற்றுக்காகக் காத்திருந்தேன்.
அதாவது, அது போவதற்காக.
ஒன்பது. ஏழு. எட்டு. பன்னிரண்டு.
ஜூன் மாத இரவு இங்கே இருட்டுவதில்லை,
கொஞ்சம் சாம்பல் பூசிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இரண்டே முக்காலுக்கு எல்லாம் அடங்கியது.
ஆலையின் மின்விசிறிகள் கேட்டன. எங்கோ ஓர் ஆடு செருமியது.
ஒன்று புள்ளி எட்டு.
இடைவேளையில் ஏப்ரனோடு ஓடி வந்தாள் ரன்வா,
கையுறைகளில் சால்மன் செதில்.
ஒரு மீட்டர் உயரச் சரிவிலிருந்து பந்தை விட்டேன்.
இருவரும் மூச்சையும் பிடித்துக்கொண்டோம்,
அதுவும் காற்றுதானே.

மலையை நோக்கி ஒன்பது மீட்டர் இருபது.
பத்துக்குள்.
இனிக் கடலை நோக்கி, எதிர்த் திசையில்.
பந்தைத் துடைத்துச் சரிவில் வைத்தேன்.
மானி இரண்டு புள்ளி மூன்று என்றது.
நான்கு.
ஆறு.

இடைவேளை முடிந்த மணி அடித்தது.
கழுத்துக் கயிற்றைக் கழற்றி
என் தலைவழியே மாட்டினாள்.
"போகும்போது பூட்டிவிடு.
ஆடு வந்தால் விரட்டாதே, அதன் அபிப்பிராயத்தையும் கேள்."

பெனால்ட்டிப் புள்ளியில் உட்கார்ந்திருக்கிறேன்.
மடியில் பந்து.
ஐந்து புள்ளி நான்கு.
ஐந்து.